கூடலூரும் ஸ்ரீமதுரையும் ஒரே போனில்: வி.பி.என். ரவுட்டர் என்ன செய்கிறது?



ஸ்ரீமதுரை உதவி மையத்தின் மேசையில் புதிதாக இரண்டு தொலைபேசிகளைப் பார்த்த பலரும், "இது எந்தக் கம்பெனி லைன்? மாத வாடகை எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். அறக்கட்டளையின் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் கையிலிருந்து வந்தது. அது தனி லைன் அல்ல, அதற்குத் தனி வாடகையும் இல்லை. மையத்தில் ஏற்கெனவே இருக்கும் இணைய இணைப்பின் வழியாகவே அந்த போன்கள் கூடலூர் அலுவலகத்தோடு பேசுகின்றன. நடுவில் இருப்பது ஒரு சிறிய பெட்டி, வி.பி.என். ரவுட்டர். மதரஸாவுக்கோ ஜமாஅத் அலுவலகத்துக்கோ கடைக்கோ இதே போல அமைக்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், இது எதற்கு? ஸ்ரீமதுரையிலிருந்து ஒரு விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடலூர் வருபவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. மழைக்காலத்தில் பஸ் தாமதம், மாலை நேரத்தில் வழியில் யானை. டயாலிசிஸ் உதவி கேட்ட குடும்பத்தின் காகிதம் ஸ்ரீமதுரையில் இருக்கும், காசோலை எழுதுபவர் கூடலூரில் இருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் அது.

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். சிறிய அமைப்புகள் பெரும்பாலும் செய்வது அதுதான். பொறுப்பாளர் ஒருவரின் செல் எண்ணை நோட்டீஸில் அச்சடித்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தத் தம்பி விசா கிடைத்து வளைகுடா போய்விடுவார், எண்ணும் அவரோடு போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. உதவி கேட்டவர்களின் ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, கடன் விவரம் எல்லாம் அவருடைய வாட்ஸ்அப்பிலேயே கிடக்கும். ஜகாத் கேட்டு வந்தவர் யார் என்பது நம்மிடம் இருக்கும் அமானிதம். அது ஒரு தனிமனிதரின் கைப்பேசியில், அவருடைய வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் கைப்பேசியில் இருக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். அலுவலக போன் என்றால் எண் அலுவலகத்துடையது. ஆள் மாறினாலும் எண் மாறாது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் மலையாளம் பேசும் குடும்பங்களும் கலந்தே வாழ்கிறோம். வயதான உம்மா ஒருவர் மலையாளத்தில் தன் வலியைச் சொல்லும்போது, அதைப் புரிந்துகொள்பவர் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் அந்த அழைப்பை அவருக்கே மாற்றிவிட முடிகிறது.

பழைய போனும் ஐ.பி. போனும்

பழைய லேண்ட்லைன் போனுக்கு இரண்டு செம்புக் கம்பிகள் வரும். அதற்கு வேண்டிய மின்சாரமும், ஏறத்தாழ 48 வோல்ட், அதே கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துவிடும். அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் அந்த போன் அடித்தது. ஐ.பி. போன் அப்படியல்ல. அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றி, 20 மில்லி நொடிக்கு ஒன்றாகச் சிறு பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அப்படியானால் ஒரு நொடிக்கு 50 பொட்டலம் போகிறது, எதிர்ப்பக்கமிருந்து 50 வருகிறது.

யாருடைய பொட்டலம் யாருக்குப் போக வேண்டும் என்று இணைத்துவிடுவது அலுவலக எக்ஸ்சேஞ்ச். முன்பெல்லாம் அது பெரிய பெட்டி, விலையும் பெரிது. இன்று சாதாரணக் கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டாலே போதும். இதன் கதை சுவையானது. 1999-இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் சிறிய கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். போன் எக்ஸ்சேஞ்ச் வாங்க அவரிடம் பணம் இல்லை. சரி, நாமே ஒன்றை எழுதிக்கொள்வோம் என்று எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். இன்று உலகம் முழுவதும் அலுவலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. கையில் பணமில்லாதவர் தன் தேவைக்குச் செய்தது, நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கும் பயனாகிவிட்டது.

ஒரே கட்டடத்துக்குள் இந்த ஏற்பாட்டில் சிக்கல் எதுவும் இல்லை. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால்தான் சிக்கல்.

மூன்றாம் நம்பர் வீடு

எஸ்டேட் லைன் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தில் "3-ஆம் நம்பர் வீடு" என்று மட்டும் எழுதினால் அது யாரிடம் போய்ச் சேரும்? ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஒரு 3-ஆம் நம்பர் வீடு இருக்கிறது. இணையத்திலும் இதுவே நிலை. உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கைப்பேசி, டிவி, போன் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிதான். ஊரில் பாதி வீடுகளில் அதே முகவரி இருக்கும். வெளி உலகத்துக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே ஒரு முகவரி.

இணையதளம் பார்ப்பதற்கு இதனால் இடையூறு இல்லை. போனுக்கு உண்டு. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகிறது. போன் தன்னுடைய உள்முகவரியைச் சொல்லி "என் குரலை இங்கே அனுப்பு" என்று கேட்கும். கூடலூர் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த முகவரி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. விளைவு, மணி அடிக்கும், எடுத்ததும் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவோம். ஐ.பி. போன் அமைத்த பலரும் முதல் நாளிலேயே சந்திப்பது இதைத்தான்.

இதற்குக் குறுக்கு வழியொன்றைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். கூடலூர் ரவுட்டரில் 5060 என்ற கதவை, அதாவது போர்ட்டை, வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டால் போதும் என்பார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். அந்தக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தேடுகிற நிரல்கள் இணையத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கண்டுபிடித்ததும் 1001, 1002 என்று எக்ஸ்டென்ஷன் எண்களையும், எளிய பாஸ்வேர்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். ஒன்று அமைந்துவிட்டால், ஆள் இல்லாத இரவு நேரத்தில் நம் லைனிலிருந்து கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போகும். அந்த அழைப்புகளின் வருமானத்தில் பங்கு வாங்குகிற மோசடிக் கூட்டம் இது. பில் வரும்போதுதான் நமக்குத் தெரியும். ஒரு வருடக் கல்வி உதவித் தொகை ஒரே இரவில் போய்விடக்கூடும்.

சீல் வைத்த தபால் பை

வி.பி.என். ரவுட்டர் செய்வது, தபால் நிலையத்தில் பார்த்திருப்பீர்களே, சீல் வைத்த பை, அந்த வேலையை. கடிதங்கள் எல்லாம் பைக்குள் இருக்கும். பையின் மேல் "ஸ்ரீமதுரையிலிருந்து கூடலூருக்கு" என்று மட்டும் இருக்கும். வழியில் இருப்பவர் பையைத் தூக்கி வைக்கலாம், உள்ளே யாருடைய கடிதம், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. கூடலூரில் பையைப் பிரித்து, கடிதங்களை அதனதன் மேசைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்ரீமதுரையில் ஒரு ரவுட்டர், கூடலூரில் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சாவி மாற்றிக்கொண்டு இணையத்துக்குள் ஒரு தனிச் சுரங்கப் பாதையை அமைத்துக்கொள்கின்றன. அதன்பின் ஸ்ரீமதுரை போனுக்குக் கூடலூர் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து அறையில் இருப்பது போலத்தான். உள்முகவரியிலேயே பேசிக்கொள்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்கிற தொல்லை இல்லை. 5060 கதவை உலகத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. இதில் ஐ.பி.செக் என்ற பழைய முறை ஒன்று, வயர்கார்டு என்ற புதிய முறை ஒன்று. வயர்கார்டு 2020-இல் லினக்ஸின் மூல நிரலோடு சேர்க்கப்பட்டது. அமைப்பது எளிது, சின்ன ரவுட்டரையும் திணறடிக்காது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது வயர்கார்டுதான்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு அலுவலகத்திலும் உள்முகவரி வரிசை வேறு வேறாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பல 192.168.1 என்றே வரும். இரண்டு பக்கமும் அப்படியே விட்டுவிட்டால் மறுபடியும் அதே 3-ஆம் நம்பர் வீட்டுக் குழப்பம். ஒரு பக்கம் 192.168.10, மறு பக்கம் 192.168.20 என்று முதல் நாளிலேயே மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரும் வேலை.

அடுத்து, சுரங்கத்தின் ஒரு முனையாவது உலகத்துக்குத் தெரியும் நிலையான முகவரியில் இருக்க வேண்டும். இன்று பல பிராட்பேண்ட் நிறுவனங்களும் செல் நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்படிப்பட்ட முனைக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. ஆகவே தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக் ஐ.பி. கேட்டு வாங்கினால் போதும். கிளை அலுவலகத்தின் ரவுட்டர் அங்கே போய்க் கதவைத் தட்டும். 25 நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சிறிய செய்தி அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும்படி வயர்கார்டில் அமைத்துக்கொள்ளலாம். அதை அமைக்காவிட்டால் கிளையிலிருந்து வெளியே அழைக்க முடியும், ஆனால் வரும் அழைப்புகள் மணி அடிக்காமலே போகும்.

ரவுட்டர் அமைப்புகளுக்குள் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருக்கும். உதவி செய்வதற்காக வைத்ததுதான், ஆனால் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கும். அணைத்துவிடுங்கள்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஜி.711 என்ற வழக்கமான முறையில் குரல் மட்டும் 64 கிலோபிட். பொட்டலத்தின் முகவரிச் சீட்டுகள், சுரங்கத்தின் உறை எல்லாம் சேர்த்து ஒரு அழைப்புக்கு ஏறத்தாழ 110 கிலோபிட், போகவும் வரவும் தனித்தனியே. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினாலும் அரை மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான். இணைப்பு மிகவும் மெலிந்த இடத்தில் ஜி.729 என்ற முறைக்கு மாறினால் ஒரு அழைப்பு 50 கிலோபிட்டில் அடங்கிவிடும், குரல் சற்று மங்கும்.

வேகத்தைவிட முக்கியம் சீராக வருவது. வாயிலிருந்து காது வரை 150 மில்லி நொடிக்குள் குரல் சேர்ந்தால் நம் மனதுக்குத் தாமதம் தெரியாது. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவது போல ஆகும். இரண்டு ஊரிலும் வேறு வேறு நிறுவன இணைப்பு இருந்தால் நம் பேச்சு சென்னை வரை போய்த் திரும்பி வரக்கூடும். பக்கத்து ஊருக்குப் பேச அத்தனை தூரமா என்று சிரிப்பு வரும். ஆனாலும் அதற்கு ஆவது சில பத்து மில்லி நொடிதான். கெடுப்பது வேறு. யாரோ ஒருவர் அதே இணைப்பில் நிக்காஹ் வீடியோவை ஏற்றிக்கொண்டிருப்பார், குரல் பொட்டலங்கள் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். குரலுக்கு முதல் வழி என்று ரவுட்டரில் அமைத்துவிட்டால் இது தீரும். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது மாதிரி.

கரண்ட்தான் உண்மையான எதிரி

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி ஒன்று இருக்கிறது. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களில் இருந்த சிறிய பார்வை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தது. சாதாரண வைஃபை கருவிகளை உயரமான கோபுரங்களில் நீண்டதூர ஆண்டெனாவோடு பொருத்தி, பல கிலோமீட்டர் தாண்டி படமும் குரலும் போகச் செய்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரிடம் நேராகப் பேசினார். வேலைக்கு லீவு போட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு தேனி போக வேண்டியது குறைந்தது.

அந்த ஆய்வாளர்கள் பிறகு எழுதியது நமக்கு இன்னும் பயனுள்ளது. ரேடியோவோ மென்பொருளோ அல்ல, தரமில்லாத மின்சாரம்தான் அவர்களை அதிகம் தொல்லைப்படுத்தியது. வோல்டேஜ் ஏறி இறங்கியதிலும் திடீர் மின்வெட்டிலும் கருவிகள் கெட்டன. பழுதானதைப் பார்க்க வெளியூர் நிபுணர் வர வேண்டியிருந்தது. ஆகவே கருவியைக் காக்கும் ஏற்பாட்டையும் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் முதலில் செய்ய வேண்டும் என்று கண்டார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் மலையில் மழை எப்படி என்று சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மரம் விழுந்தால் கரண்ட் கம்பியும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே போகும். எனவே ஐ.பி. போன் வைக்கும்போது யு.பி.எஸ். ஆடம்பரம் அல்ல. ரவுட்டர், ஃபைபர் மோடம், போன் மூன்றும் சேர்ந்து மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும், சின்ன யு.பி.எஸ். கூடச் சில மணி நேரம் தாங்கும். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் சுவிட்சு வாங்கினால் ஒவ்வொரு போனுக்கும் தனி அடாப்டர் தேவையில்லை, ஒரே யு.பி.எஸ். எல்லாவற்றையும் காக்கும். மின்னல் பருவத்தில் நல்ல எர்த் இல்லாமல் எதையும் செருக வேண்டாம். ஃபைபர் அறுந்தால் தானாகவே சிம் கார்டு இணைப்புக்கு மாறுகிற ரவுட்டர்களும் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடும், நம் பகுதிக்கு அது தகும். ரவுட்டரை அணைத்துப் போடுவது, எந்த விளக்கு எரிய வேண்டும் என்று பார்ப்பது, இந்த இரண்டும் மையத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"என் மகனுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் கொடுங்களேன்"

துபாயில், ஷார்ஜாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த இணைப்பைக் கொடுத்தால் இலவசமாகப் பேசலாமே என்று சிலர் கேட்டீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் முடியாது. காரணத்தைத் தெரிந்துகொள்வது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நல்லது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகள் மட்டுமே செல்லும். கம்பெனிகளும் வங்கிகளும் தங்கள் உள்வேலைக்கு வி.பி.என். வைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2016-இலேயே விளக்கியிருக்கிறது. ஆனால் முகவரியை மறைத்து ஒரு குற்றத்தைச் செய்வதற்கு அதைப் பயன்படுத்தினால், 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. அழைப்புக் காசை மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு பிள்ளை வேலையையும் விசாவையும் பணயம் வைக்கக் கூடாது.

இந்தியப் பக்கமும் கதவு மூடித்தான் இருக்கிறது. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, இங்கே ஒரு உள்ளூர் லைனிலோ சிம்மிலோ இறக்கிவிடுவது உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். "சிம் பாக்ஸ்" வைத்திருந்தவர்கள் கைது என்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்களே, அது இதுதான். எனவே நம் எக்ஸ்சேஞ்சில் வெளிநாட்டு முனை எதுவும் கிடையாது, வெளிநாட்டு அழைப்பு வசதியே பூட்டப்பட்டிருக்கிறது. கூடலூரும் ஸ்ரீமதுரையும் 04262 என்ற ஒரே எஸ்.டி.டி. பகுதி என்பதால் நமக்கு எளிது. நிலம்பூரிலோ சுல்தான் பத்தேரியிலோ கிளை வைத்திருக்கும் அமைப்புகள் வெளி லைனை அங்கே நீட்டும் முன் லைன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கைப்பேசியில் இறக்கிவைக்கும் "இலவச வி.பி.என்." செயலிக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. நம்முடையதில் சுரங்கத்தின் இரண்டு முனையும் நம் கையில். இலவசச் செயலியில் மறுமுனை யார் கையில் என்றே தெரியாது, பிள்ளை பார்ப்பதெல்லாம் அந்த முகம் தெரியாதவர் வழியாகப் போகிறது. வீட்டில் யாருடைய போனிலாவது இருந்தால் எதற்காக வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

108-க்கு மட்டும் செல்போன்

ஸ்ரீமதுரை போனிலிருந்து வெளியே அழைத்தால், அந்த அழைப்பு கூடலூர் வரை சுரங்கத்தில் போய், கூடலூர் லைனிலிருந்துதான் வெளியேறுகிறது. எடுப்பவருக்குத் தெரிவது கூடலூர் எண். ஆம்புலன்ஸ் கேட்டு அந்த போனில் அழைத்தால், நீங்கள் கூடலூரில் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்ள இடமுண்டு. பிரசவ வலியிலோ நெஞ்சு வலியிலோ துடிப்பவருக்கு அந்தக் குழப்பத்தின் சில நிமிடங்கள் பெரிது.

ஆகவே 108-க்கும் 112-க்கும் உங்கள் செல்போனிலிருந்தே அழையுங்கள். எடுத்தவுடன் முதலில் ஊர்ப் பெயரையும், பிறகு பக்கத்தில் இருக்கும் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் போன்ற ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள். மதுரை என்று மட்டும் சொன்னால் வெளியூரில் இருந்து எடுப்பவர் மதுரை மாவட்டம் என்று எண்ணிவிடலாம். "நீலகிரி மாவட்டம், கூடலூர் தாலுகா, ஸ்ரீமதுரை" என்று முழுதாகச் சொல்லுங்கள். மையத்தில் செல் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் வாசல் படிக்கட்டின் ஓரம்.